செவலையோடு அந்தியூருக்கு

செவ்வாய் – காங்கேயம்

நாளை விடியும் முன் அந்தியூருக்குக் கிளம்புகிறோம். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவும் குதிரைச் சந்தையும் புதனில் தொடங்கி சனி வரை நடக்கும். எங்கள் பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் இந்த வாரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்குபவர்கள், விற்பவர்கள், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறவர்கள் என எல்லோரும் அங்கே இருப்பார்கள். நாங்கள் இந்த முறை விற்கப் போகிறோம்.

செவலை பெட்டைக் குதிரை. கத்தியவார் கலப்பு. காதைப் பார்த்தாலே தெரியும், நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். நிறம்தான் பெயர். இதே அந்தியூர்ச் சந்தையில்தான் மாமா, அதாவது என் மாமனார், 85 ஆயிரம் கொடுத்து வாங்கி வந்தார். அவர் வாலிபத்தில் ரேக்ளா ஓட்டியவர். கொப்பரைக் களத்தை மகனிடம் ஒப்படைத்த பிறகு, வாசலில் மறுபடி ஒரு குதிரை நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

வந்த நாளிலிருந்தே யாருக்கும் அடங்கவில்லை. தீனி வைக்கப் போன ஆளைக் கடித்தாள். என் வீட்டுக்காரர் சேணம் போடப் போனால் பின்னங்காலைத் தூக்கி உதைத்தாள். கொரங்காட்டில் மேயவிட்டால் கிளுவை வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு அடுத்தவர் காட்டுக்குள் போய் நிற்பாள். ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். குதிரை காதையும் மூக்கையும் நம்பி வாழும் பிராணி. எங்கள் ஊர்க் காற்றில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. உடம்பிலுள்ள மயிர்ச் சுழி சரியில்லை என்றார்கள். பழைய இடத்தில் அடித்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். நாலு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று சொன்னவரை மாமா வாசலோடு அனுப்பிவிட்டார்.

என் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலி ஓரம் உட்கார்ந்து செவலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். படிக்கிற பிள்ளை இப்படிப் பொழுதைக் கழிக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஒருநாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து அவள் அப்பாரு, அதாவது தாத்தா, முன்னால் வைத்தாள். எந்தெந்த நேரம் உதைத்தாள், யார் போனார்கள், எந்தப் பக்கமாகப் போனார்கள் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தாள். உதைத்தது, கடித்தது, மிரண்டது எல்லாமே இடது பக்கம். "அப்பாரு, இவளுக்கு இடது கண்ணு தெரியறதில்லைன்னு நினைக்கறனுங்க" என்றாள்.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா வந்து விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் பழைய தழும்பு இருந்தது. முள்ளோ சாட்டையோ பட்டிருக்கலாம், ஆறிப்போன காயம், ஆனால் அந்தக் கண்ணில் வெளிச்சம் தவிர பெரிதாக ஒன்றும் தெரியாது என்றார். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் தன் பக்கத்தைத் தனியாகப் பார்க்கிறது. இரண்டும் நன்றாக இருந்தால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர ஏறக்குறைய சுற்றி முழுக்கத் தெரியும். ஒன்று போனால் பாதி உலகம் போச்சு. மனிதர்களோ குதிரையிடம் எப்போதும் இடது பக்கமாகத்தான் போகிறோம். ஏறுவது, சேணம் கட்டுவது, கயிறு பிடிப்பது எல்லாம் இடது பக்கம்தான், உலகம் முழுக்க அதுதான் பழக்கம். தெரியாத பக்கத்திலிருந்து திடீர் திடீரென்று ஒரு கை வந்து மேலே படுகிறது. அந்தப் பிராணி வேறென்ன செய்யும்?

அதற்கப்புறம் வீட்டில் எல்லோரும் வலது பக்கமாகப் போகப் பழகினோம். இடது பக்கம் போக வேண்டி வந்தால் முதலில் குரல் கொடுப்போம். தெரிந்தவர்களிடம் செவலை இப்போது சாதுதான். தெரியாத ஆள் பேசாமல் இடது பக்கம் போய் நின்றால் இன்றைக்கும் உதைப்பாள்.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரிக்குப் போய்விட்டால் செவலையைப் பார்க்க ஆள் இல்லை. மாமாவுக்கு முழங்கால் வலி. இவருக்குக் களத்து வேலையே சரியாக இருக்கிறது. சின்னவன் பத்தாம் வகுப்பு. அதனால்தான் விற்பது என்று முடிவானது. விற்கும்போது கண்ணைப் பற்றிச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்களிடம் விற்றவர் சொல்லவில்லை. எங்கள் ஆளுக்குத் தோளில் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. அது வேறொரு வீட்டுக் குழந்தையின் முகமாக இருந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

புதன் – காங்கேயத்திலிருந்து அந்தியூர்

வண்டி ஏற்றுவதுதான் பெரிய வேலை. பொலிரோ பிக்கப், பக்கக் கம்பி உயர்த்தியது. கீழே மணல் கொட்டி அதன்மேல் வைக்கோல் பரப்பினோம். வெறும் தகரத்தில் குளம்பு வழுக்கினால் அடுத்த முறை எந்தக் குதிரையும் வண்டி ஏறாது. களத்து மேட்டை ஒட்டி வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தினார் டிரைவர். மகள் செவலையின் வலது பக்கம் நின்றுகொண்டு வண்டித் தளத்தைக் கம்பால் மெதுவாகத் தட்டினாள். சத்தத்தைக் கேட்டு, வலது கண்ணால் பார்த்து, மோந்து, ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து... டிரைவர் பொறுமை இழந்து பின்னாலிருந்து தள்ளலாமா என்றார். "வேண்டாங்கண்ணா, தானா ஏறட்டும்" என்றாள் மகள். கிழக்கு வெளுத்த பிறகுதான் ஏறினாள். ஏறியதும் ஒரு பிடி கொள்ளு. அதுவும் உடனே கொடுக்க வேண்டும், தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று புரியாது என்பது மகளின் கணக்கு.

மகளும் சின்னவனும் பின்னால் செவலையோடு நின்றுகொண்டார்கள். நானும் இவரும் முன்னால். மாமா காரில் பின்தொடர்ந்தார். பெருந்துறை போய் சேலம் நெடுஞ்சாலையைப் பிடித்து, சித்தோடு தாண்டி பவானி. கூடுதுறைப் பக்கம் ஆடி மாசக் கூட்டம். காவிரியில் தண்ணீர் நிறைய ஓடியது. பவானியில் நிறுத்தி செவலைக்குத் தண்ணீர் காட்டினோம். வீட்டுத் தண்ணீரையே கேனில் கொண்டு வந்திருந்தோம். பயணத்தில் புதுத் தண்ணீரைக் குதிரைகள் குடிக்க யோசிக்கும், குடிக்காமல் விட்டால் குடல் அடைத்துக்கொண்டு வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றில் வரும் எந்தத் தொந்தரவும் பயப்பட வேண்டியதுதான்.

அந்தியூரில் புதுப்பாளையம் போய்ச் சேர்ந்தபோது கோயிலைச் சுற்றி இடமே இல்லை. தெரிந்தவர் ஒருவர் வேப்பமரத்தடியில் இடம் பிடித்து வைத்திருந்தார். முளையடித்து, மரத்தை இடது பக்கம் விட்டுக் கட்டினோம். தெரியாத பக்கத்தில் யாரும் வர முடியாதபடி மரம் நின்றால் அவளுக்கு நிம்மதி.

மாலையில் மகளின் போனுக்குச் செய்தி. பொறியியல் கலந்தாய்வில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தற்காலிக ஒதுக்கீடு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஏற்றுக்கொள்கிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். அங்கே தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் நல்ல இடத்தில் இருக்கிறாள். ஆனால் இடம் ஒதுக்குவது இனிமேல்தான். ஒன்று கையில் இருக்கிறது. இன்னொன்று வரும் போலிருக்கிறது, ஆனால் இன்னும் வரவில்லை. ராத்திரி யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு படுத்தோம்.

வியாழன் – சந்தை

காலையில் மகளும் நானும் சந்தையைச் சுற்றி வந்தோம். இதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஒரு வரிசை முழுக்க மார்வாரி, கத்தியவார். அடுத்த வரிசையில் நுக்ரா. பால் வெள்ளை உடம்பு, மூக்கு நுனியில் ரோஸ் நிறத் தோல். வெயில் பட்டால் அந்தத் தோல் கன்றிப்போகும் என்று மூக்கில் எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். நாலு காலும் நெற்றியும் வெளுத்த பஞ்ச கல்யாணிக்குத் தனி மரியாதை, தனி விலை. குழந்தைகள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள மட்டக் குதிரைகள். ராஜஸ்தான், மகாராஷ்டிரா, கர்நாடகா வண்டிகளையும் பார்த்தோம். திப்பு சுல்தான் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மேளம் அடித்தால் காலை மாற்றி மாற்றி வைத்து ஆடும் குதிரைகளைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். சின்னவன் அங்கேயே நின்றுவிட்டான். மகளுக்கு அது பிடிக்கவில்லை. சத்தம் அதிகமாக இருக்கிற இடத்தில் குதிரையின் காது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். பல குதிரைகளின் காது பின்னால் ஒட்டிக் கிடந்தது. அது சந்தோஷத்தின் அடையாளம் இல்லை.

மாட்டுச் சந்தைப் பக்கமும் போனோம். காங்கேயத்துக்காரிக்கு மாடு பார்க்காமல் வர மனசு வருமா? எங்கள் ஊர்க் கன்றுகள் பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறு மாசத்தில் சாம்பலுக்கு மாறும். இங்கே பர்கூர் மாடுகள் கடைசிவரை செம்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு இருக்கும். மேலே தெரிகிற பர்கூர் மலைதான் அவற்றின் ஊர். உருவம் சின்னது, மலை ஏறும் கால், சுருக்கென்ற கோபம். மலையில் பட்டி போட்டு மேய்க்கிற லிங்காயத்துப் பெரியவர் ஒருவர் என் மகளிடம் மாட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார். வனத்துக்குள் மேய்ச்சல் குறைந்துகொண்டே வருவதைச் சொல்லும்போது அவர் குரல் தளர்ந்தது. மாட்டுக்கு வருகிற நோய்க்கு மலைமேல் டாக்டர் வந்து சேர்வதற்குள் பாதி விஷயம் முடிந்துவிடும் என்றார். "நீ படிச்சுட்டு இங்க வா சாமி" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். சும்மா ஆட்டிய தலை இல்லை அது. எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தால் செவலையைச் சுற்றி ஆட்கள். முதலில் பல் பார்ப்பார்கள். குதிரைக்கு முன் பல் ஜோடி ஜோடியாக விழுந்து முளைப்பது ஏறக்குறைய இரண்டரை, மூன்றரை, நாலரை வயசில். ஐந்து வயசில் வாய் நிறைந்துவிடும். அதற்கப்புறம் பல்லின் தேய்மானத்தை வைத்துத்தான் வயசு சொல்ல வேண்டும். பிறகு சுழி பார்ப்பார்கள், குளம்பு தட்டுவார்கள், ஓட்டச் சொல்வார்கள். கண்ணை உற்றுப் பார்த்தவர் மிகச் சிலர். பார்த்தவர்களும் கண்ணுக்கு முன்னால் கையை விசிறி, இமை மூடினால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். கையை விசிறினால் காற்றுப் பட்டே குருட்டுக் கண்ணும் மூடும். மகள் ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள். ஒரு விரலை மட்டும் காற்று எழாமல் பக்கவாட்டில் கொண்டுவர வேண்டும், அதுவும் மீசை முடியில் படாமல். குதிரை வாங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இதை மட்டும் செய்து பாருங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு சுற்று நடத்திப் பாருங்கள்.

எங்களுக்கு வாய்த்த தரகர் இதையெல்லாம் கேட்டு முகம் சுளித்தார். இடத்தைக் காட்டி என்னைத் தனியாக அழைத்தார். "அக்கா, நடை நல்லா இருக்குது, காது நல்லா இருக்குது. சந்தையில வாயத் திறக்காம இருந்தா ஒண்ணு பத்துக்கு நான் முடிச்சுத் தர்றேன். பாப்பாவ கொஞ்ச நேரம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க." ஒன்று பத்து என்றால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். சின்னத் தொகை இல்லை. ஆனால் அவர் என்னிடம் கேட்டது பாப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது மட்டும் இல்லையே. வாங்குகிறவர் வீட்டில் யாரோ ஒருவர் நாளைக் காலையில் தீனி வாளியோடு இடது பக்கமாகப் போய் நிற்பார். அவருக்கும் சேர்த்துத்தான் என்னை மௌனமாக இருக்கச் சொல்கிறார். முடியாதுங்க தம்பி என்றேன். மாமா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் 85 ஆயிரம் போட்டு வாங்கிய குதிரை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் மேலே பேச முடியாது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மிணி சொல்றதுதான்" என்றார்.

ராத்திரி தேர் பார்க்கப் போனோம். இங்கே தேரைச் சக்கரத்தில் இழுப்பதில்லை, தோளில் சுமக்கிறார்கள். காமாட்சி அம்மன் பல்லக்கில். பெருமாள்சாமிக்கும் குருநாதசாமிக்கும் உயரமான மகமேரு தேர்கள். மடப்பள்ளியிலிருந்து வனக்கோயிலுக்கு அந்தக் கனத்தைச் சுமந்து நடக்கிறவர்களின் கால்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி – சந்தை, போன், என் தம்பி

காலையிலேயே என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினான். ஒதுக்கீட்டுச் செய்தி அவனுக்கும் தெரியும். மகளுக்குத் தாய்மாமன். அவள் மேல் அவனுக்கு உயிர். வந்ததும் வராததுமாக, "அக்கா, கையில வந்ததை விடாதீங்க. நாலு வருஷம் முடிச்சா வேலை. அங்கே நாலரை வருஷம் படிப்பு, அதுக்கப்புறம் ஒரு வருஷம் பயிற்சி, அப்புறம் டி.என்.பி.எஸ்.சி. எழுதி எப்போ உதவி மருத்துவர் ஆகிறது?" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. பெண் பிள்ளை, மாட்டுக்கும் குதிரைக்கும் பின்னால் ஊர் ஊராகப் போவாள் என்கிற யோசனையும் இருந்தது. எங்கள் டாக்டரம்மா மழையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்து ஒரு கன்று போடாத மாட்டுக்கு ராத்திரி முழுக்க நின்றதைப் பார்த்த பிறகு அந்த யோசனை பாதி போய்விட்டது.

நீட் இல்லாமல் எப்படிக் கிடைக்கும் என்று தம்பி கேட்டான். மாநில ஒதுக்கீட்டுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் என்று மகள் விளக்கினாள். 7.5 சதவீதத்தில் போனால் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும் என்பதையும் சொன்னாள். பொறியியலுக்கும் அப்படித்தான். அதனால் பணம் இங்கே பிரச்சினை இல்லை. எது வேண்டும் என்பதுதான் கேள்வி. அதை நாங்கள் யாரும் அவளிடம் நேராகக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? இவர்தான் கேட்டார். கொப்பரை விலையைத் தவிர எதையும் வாய்விட்டுப் பேசாத மனுஷன். "கண்ணு, உனக்கு என்ன படிக்கோணும்?"

அவள் செவலையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். குதிரைக்கு எங்கே வலிக்கிறது என்று அது சொல்லாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும், அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். சென்னை வேப்பேரிக் கல்லூரியில் சேரவேண்டும் என்றாள். 1903-ல் தொடங்கியது, 1936-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கால்நடை மருத்துவத்தில் நாட்டிலேயே முதலில் பட்டப்படிப்பு தந்தது, பெரிய பிராணிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, நகரத்தில் குதிரைப்படை போலீஸ் இருப்பதால் குதிரைகளும் வரும் என்று அடுக்கினாள். இதையெல்லாம் எப்போது படித்து வைத்தாள் என்று இவர் என்னைப் பார்த்தார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டான். "இது வரலைன்னா?" "வரலைன்னா அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடுவேன் மாமா." அவள் சொன்னது திமிராகப் படவில்லை. செவலையை வண்டியில் ஏற்றும்போது பேசுவாளே, அந்தக் குரல்.

மாலை நாலு மணிக்கு மேல் ஒதுக்கீட்டை வேண்டாம் என்று பதிவு செய்ய உட்கார்ந்தாள். சந்தைக் கூட்டத்தில் எல்லோரும் வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும்போது நெட் எப்படிக் கிடைக்கும்? பக்கம் திறக்கவே இல்லை. தம்பி அவளை பைக்கில் உட்காரவைத்து அந்தியூர் பெரிய ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போனான். ஒதுக்கீட்டை விட வேண்டாம் என்று வாதாடியவனே, அதை வேண்டாம் என்று பதிவு செய்ய வண்டி ஓட்டினான். திரும்பி வரும்போது இரண்டு பேரும் கரும்புச் சாறு வாங்கி வந்தார்கள். பதிவாகிவிட்டது என்றாள். எனக்கு வயிறு ஒரு முறை புரண்டது. பயம்தான், ஆனால் இதுதான் சரி என்று தோன்றியதும் உண்மை.

இதற்கு நடுவில் செவலைக்கு வந்தவர்கள் எல்லோரும் கண் என்றதும் போய்விட்டார்கள். ஒருவர் 30 ஆயிரம் என்று விரல் காட்டினார். மாமா துண்டை இழுத்துக்கொண்டார்.

சனி – அந்தியூர், பவானி

காலையில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, மகன். குட்டி எடுப்பதற்காகப் பெட்டைக் குதிரைகள் வளர்க்கிறவர்கள். அந்தப் பையன் வந்ததும் நேராகக் குதிரையிடம் போகவில்லை. நின்று, நாக்கால் ஒரு சத்தம் கொடுத்து, செவலையின் காது தன் பக்கம் திரும்புகிற வரை காத்திருந்தான். மகள் என் கையைப் பிடித்தாள்.

கண் விஷயத்தைச் சொன்னோம். பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பிறவியிலேயே உள்ளதா, பட்டதா? காயத்தழும்பு, குட்டிக்கு வராது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினோம். சந்தையில் கால்நடைத் துறை முகாம் போட்டிருந்தது, அங்கேயும் கூட்டிப்போய்க் காட்டினார். நல்லது. அப்படித்தான் வாங்க வேண்டும். பிறகு கையின் மேல் துண்டைப் போட்டு மறைத்து, மாமாவும் அவரும் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். துண்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முகத்திலும் ஒன்றும் தெரியாது. கடைசியில் 58 ஆயிரத்தில் முடிந்தது. தரகருக்கு உரியதை மாமா முழுசாகக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு, "கண்ணச் சொல்லியும் வித்துட்டீங்களே அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் அந்தப் பையனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கட்டும்போது சுவரையோ மரத்தையோ இடது பக்கம் விட வேண்டும். தீனி வலது பக்கமிருந்து. லாடம் அடிக்க வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காற்றுக் காலத்தில் வெளியே அதிகம் விட வேண்டாம். பையன் போனில் பதிந்துகொண்டான். எங்கள் நோட்டையும் கொடுத்துவிட்டாள். அவர்கள் வண்டியில் செவலையை ஏற்ற அவளேதான் நின்றாள். கம்பால் தளத்தைத் தட்டினாள். இந்த முறை சீக்கிரமே ஏறினாள். மகள் அழுதாள். மாமாவும் அழுதார், முகத்தைத் துடைத்துக்கொண்டே புழுதி என்றார். நான் மறைக்கவில்லை.

திரும்பும் வழியில் பவானியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். நெட் நன்றாக இருந்தது. கால்நடைக் கல்லூரிகளை எந்த வரிசையில் போடுவது என்று மகள் போனைத் திறந்தாள். சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று வரிசையாக வாசித்தாள். உடுமலை என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பண்ணைக்கிணறு, நம்ம வீட்டிலிருந்து தாராபுரம் வழியாகப் போனால் வாரா வாரம் வந்துவிடலாம் என்றார். முதலில் வேப்பேரி, இரண்டாவது நாமக்கல், அப்பாருக்காக மூன்றாவது உடுமலை என்றாள் மகள். மாமா தோசையை ஒதுக்கி வைத்துவிட்டு, நாமக்கல்லுக்கும் வேப்பேரிக்கும் நடுவில் உடுமலையைப் போட முடியாதா, போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.